கூடும்

சியாட்டிலில் மழை பிடித்து இது நான்காம் நாள்.
இரவு ஒன்றே கால்.
பன்னிரண்டாம் மாடியில்
ஆண்டறிக்கைகளுக்குப் பிழை திருத்துகிறவன் நான்.
இன்று மேசைக்கு வந்திருப்பது
உலகில் பாதிப் பேர் கண் விழித்ததும்
விரலால் தொட்டுப் பார்க்கும் நிறுவனம்.

அதற்கும் பயங்கள் உண்டு.
பதினெட்டாம் பக்கத்தில் தொடங்கி
நாற்பத்தோராம் பக்கம் வரை.

நீதிமன்றங்கள் எங்களுக்கு எதிராகத் தீர்ப்பளிக்கக்கூடும்.
பிரஸ்ஸல்ஸில் அபராதம் விதிக்கக்கூடும்.
யாரோ பதிவேற்றிய அவதூறுக்கு
நாங்கள் பதில் சொல்ல நேரக்கூடும்.
ஒரு பொத்தானின் வளைந்த மூலை தன்னுடையதென்று
எவரேனும் காப்புரிமை கேட்டு வரக்கூடும்.
கடலடிக் கம்பியை ஒரு நங்கூரம் இழுத்துப்போகக்கூடும்.
பூமி அதிரக்கூடும்.
நிறுவனர்கள் சலித்துப்போய் விலகக்கூடும்.

எல்லா வாக்கியமும் கடைசியில்
அந்த ஒரே சொல்லில் போய் ஒண்டிக்கொள்கிறது,
மழைக்கு ஒதுங்கியவர்கள்
பேருந்து நிறுத்தக் கூரையடியில் கூடுவதுபோல.
நல்ல சொல்.
சொன்னதாகவும் இருக்கும்,
சொல்லாததாகவும் இருக்கும்.
பங்கு வாங்கியவன் நாளை சட்டையைப் பிடித்தால்
அன்றே சொன்னோமே எனலாம்.

இருபத்தேழாம் பக்கம், மூன்றாம் பத்தி:
‘எங்கள் கணினிகளுக்குள் அந்நியர் நுழையக்கூடும்.’

பதினான்காம் வரைவு வரை அப்படித்தான்.
பதினைந்தில், நிறுவனத்தின் வழக்கறிஞர்
மார்கிட் ஹால்வர்சன்
அதை அடித்துவிட்டுப் பச்சை எழுத்தில் போட்டிருந்தார்:
‘நுழைந்தார்கள். அக்டோபரில்.
பத்தொன்பது நாள் இருந்தார்கள்.’

கூடவே ஒரு மின்னஞ்சலும் வந்திருந்தது.
எடுக்க மறந்தாரோ, மறக்கவில்லையோ.
மலைகளுக்கு அப்பால், கொலம்பியா ஆற்றங்கரையில்
ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே
சன்னலில்லாத கூடங்களில்
இயந்திரங்களைக் குளிர வைத்துக் காக்கும்
எலிசியோ பராகான் எழுதியது.

‘பழைய சாவி ஒன்றை யாரும் ரத்து செய்யவில்லை.
வேலையை விட்டுப் போனவருடையது.
மூன்று முறை கேட்டேன்.
பூட்டு உடையவில்லை, நாய் குரைக்கவில்லை,
ஆனால் அலமாரியில்
சர்க்கரை டப்பா இடம் மாறியிருக்கிறது.
அந்த மாதிரி.’

இரண்டு முறை படித்தேன்.
அதில் திருத்த ஒன்றுமில்லை.

பதினாறாம் வரைவு இரண்டு மணிக்கு வந்தது.
பச்சை எழுத்து இல்லை.
நீக்கியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
‘பயனர் நான்கு’ என்றிருந்தது.
அந்நியர்கள் மறுபடி வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்,
வரக்கூடியவர்களாக,
இன்னும் வராதவர்களாக,
தொப்பி நனைய.

மார்கிட்டின் எண்ணை அழைத்தேன்.
மணி போய்க்கொண்டே இருந்தது.

மூன்று மணிக்குக் கிழக்கே தலைநகரில்
விடிந்து, அலுவலகக் கதவு திறக்கும்.
அதற்குள் அறிக்கை அங்கே போய் நிற்க வேண்டும்.
எனக்கு மணிக்கு முப்பத்தோரு டாலர்.
பொருளைத் தொடக் கூடாதென்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.
கால்புள்ளி, எண், எழுத்து,
வினைச்சொல்லின் காலம்,
அவ்வளவுதான் என் எல்லை.

வினைச்சொல்லின் காலம்.

இருபத்தேழாம் பக்கத்தை மட்டும் அச்செடுத்தேன்.
பென்சிலைச் சீவினேன், அது கூராகத்தான் இருந்தது.
‘நுழையக்கூடும்’ மேல் ஒரு வட்டம்.
ஓரத்தில், எல்லாப் பிழைக்கும் எழுதும்
அதே சின்ன எழுத்தில்:
‘காலம் சரிபார்க்கவும்.’

ஸ்கேன் செய்து அனுப்பியபோது
இரண்டு முப்பத்தெட்டு.
கீழே படகுத்துறையில்
கிளம்பாத படகொன்றின் கீழ்த்தளம் மட்டும் வெளிச்சமாயிருந்தது.
யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள்,
அந்த மழையில்.

பதில் வரக்கூடும்.