கீறல்

சல்மாபாத்தில்
ஷட்டரைப் பாதி இறக்கி
வெயிலை வாசலில் நிறுத்தும் பட்டறைகளே அதிகம்.
தொஃபஜ்ஜலின் கடை மட்டும் முழுக்கத் திறந்து கிடக்கும்,
உள்ளே கம்ப்ரஸர், ஃபேன், கழற்றிய வண்டிகளின் வயிறுகள்.
முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டேன்.

காரணம் உண்டு.
போன நோன்பு மாதம் குதைபியாவில் ஒருவன்
பழைய செயினை டீசலில் குளிப்பாட்டி
புது டப்பாவில் படுக்கவைத்திருந்தான்.
என் கண்ணெதிரே டப்பாவைக் கிழித்தான்.
பதினொரு தினார்.
நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.
மூன்றாவது வாரம்
ரிஃபா போகும் ஹைவேயில் அது அறுந்தது.
பெட்டிக்குள் இரண்டு மட்டன் மந்தி ஆறிப்போனது,
விலையைச் சம்பளத்தில் பிடித்தார்கள்.
அன்றிலிருந்து
அட்டை கிழியும் சத்தம் கேட்டால் பல் கூசும்.

ஆகவே தொஃபஜ்ஜலிடம் வண்டியை விடும் முன்
முன்சக்கர பிரேக் பேடின் முதுகில்
அறைச் சாவியால் ஒரு எழுத்தைக் கீறினேன்.
ரெக்ஸ்லினின் ரெ.
குனிந்து கீறியதில் கொம்பு சரியாக விழவில்லை.

மாலை போனேன்.
ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினான்.
உள்ளே தேய்ந்த பேடுகள், கருத்த ஃபில்ட்டர்,
அறுந்த கேபிள் ஒரு முழம்.
என் எழுத்தைச் சுற்றி
மஞ்சள் சாக்பீஸில் ஒரு வட்டம்.

சில்ஹெட்காரன் அவன்.
எங்கள் இருவருக்கும் பொதுவாக வாய்த்தது
உடைந்த மலையாளம்தான்.
"நோக்கிக்கோ," என்றான்.
"இது என்ன, ஆறா?"
நான் ஹெல்மெட்டின் ஸ்ட்ராப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மேஜைக்கடியிலிருந்து
பால்பவுடர் டின் ஒன்றை இழுத்துக் கவிழ்த்தான்.
யாரும் எடுத்துப்போகாத பழைய பேடுகள்.
ஒன்றில் சிலுவை, ஒன்றில் பிறை,
ஒன்றில் சிவப்பு நகப்பூச்சு,
தெலுங்கில் ஏதோ ஒரு சுழி.
நேபாளத்துக்காரன் ஒருவன்
மகளின் பெயரையே எழுதியிருந்தான், முழுதாக.
படிக்கத் தெரியாது, ஆனால்
எது யாருடையது என்று தெரியும் என்றான்.
சொல்லும்போது கோபமில்லை.
டீ வாங்கச் சொன்னான், வாங்கினேன்.

இதோடு முடிந்திருக்கலாம்.

பில் புத்தகத்தைத் திறந்தான்.
ஏழு தினார் நானூறு ஃபில்ஸ்.
"பத்து என்று போடு," என்றேன்,
"கம்பெனிதானே கொடுக்கப்போகிறது."
ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னேன்,
சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக என்பதுபோல.

பேனா நின்றது.
கம்ப்ரஸர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
பிறகு அவன் புத்தகத்தை என் பக்கம் திருப்பி
பேனாவையும் அதன்மேல் வைத்துவிட்டு
அடுத்த வண்டியின் நட்டைக் கழற்றப் போய்விட்டான்.

திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன்.
பார்க்கவில்லை.
ஒன்று போட்டால் பத்தாகிவிடும்.
ஏழு போட்டால் மூன்று தினார் போச்சு,
மூன்று தினார் என்றால்
வெயிலில் ஆறேழு பார்சல்.
கணக்கு எனக்கு நன்றாகவே தெரியும்.
உள்ளங்கையில் வியர்த்து பேனா வழுக்கியது.

ஏழு என்று எழுதினேன்.
அழுத்திவிட்டேன் போலிருக்கிறது.
கார்பனையும் நகலையும் தாண்டி
அடுத்த ஆளுக்கான வெற்றுப் பில்லிலும்
அந்த ஏழு பள்ளமாக விழுந்திருந்தது.
விரலால் தேய்த்துப் பார்த்தேன்,
போகவில்லை.

இரவு அத்லியாவில் மூன்றாவது மாடி.
கதவைத் திறந்த அம்மாள்
பையின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி
ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறதா என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
மற்ற நாளென்றால்
லிஃப்டை நோக்கித் திரும்பியிருப்பேன்.
அவள் பார்த்து முடிக்கும்வரை
நின்றேன்.