ஒற்றைக் கோடு

வட கரோலினா. லம்பர் ஆற்றுக்கு அக்கரையில்
சமுதாயக் கல்லூரி, புதன் இரவு வகுப்பு.
நுண்ணுயிரைத் தொடுமுன் முதல் பாடம் பிழை:
அழிக்காதே. வெள்ளை மை பூசாதே.
குறுக்கே ஒரே ஒரு கோடு.
அடியிலுள்ளது படிக்கத் தெரியவேண்டும்.
பக்கத்தில் உன் முதலெழுத்து, தேதி.

மார்வெல்லா ஆக்ஸன்டைன்
கோழி ஆலையில் பதினோரு வருடம் எலும்பு நீக்கியவள்.
கையுறை பழக்கம், குளிரும் பழக்கம்.
புதிதென்றால் இந்த இருபது மைக்ரோலிட்டர்தான்:
நாலைந்து கொசுக்கள் வயிறு முட்டக் குடிக்கும் அளவு.
அதற்கே கட்டைவிரல் நடுங்குகிறது,
ஆலை கொடுத்தனுப்பிய நடுக்கம்.

மூன்றாம் வாரம் அவள் குடுவை
இளஞ்சிவப்பு மாறி மஞ்சளாகி
கழுநீர்போல் கலங்கியது.
"என்னுடையதில் கொஞ்சம் ஊற்றிக்கொள்,
யார் பார்க்கப்போகிறார்கள்?"
பக்கத்து மேசை டுவைட், நல்ல மனசுக்காரன்.
நுண்ணோக்கியில் குனிந்தாள்.
செத்த செல்களுக்கு நடுவே
ஊசிமுனை உயிர்கள் துள்ளிக்கொண்டிருந்தன,
பிடிபட்ட வெட்கமே இல்லாமல்.
சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.
எழுதினாள்: மாசுபட்டது. மா.ஆ. அக்டோபர் ஒன்பது.

மே மாதம். கார் நிறுத்தத்தில் விளக்கடியில்
ஸ்டியரிங்மேல் விரித்த தாள்,
இன்சுலின் செய்யும் கம்பெனியின் விண்ணப்பம்.
முன் அனுபவம் என்ற கட்டத்தில்
"எதுவுமில்லை" என்று எழுதியிருந்தாள்.
டுவைட்டின் வண்டி ஹார்ன் அடித்துக் கடந்தது.
அவள் நிமிரவில்லை.

குறுக்கே ஒரே ஒரு கோடு.
மேலே, கொஞ்சம் நெருக்கி:
கோழி ஆலை, பதினோரு வருடம்.
மா.ஆ.
தேதி.