இரண்டாவது பெயர்

அட்டவணையில் ஆறு பெயர்.
மொழிபெயர்ப்புப் பக்கம், சம்சாத்.
பிழைதிருத்தம், பூவிழியும் அவள் தம்பியும்,
தேர்வு இல்லாத மாதங்களில் மட்டும்.
பதிவிறக்கப் பக்கத்துக்கு நேரே லூர்துராஜ்.
ஏழு மாதமாய்ப் பதில் இல்லை.

செவ்வாய்ப்பேட்டையில்
தட்டுவடை செட்டு நொறுங்க நொறுங்கக் கூட்டம்.
"பெயரை எடுத்துடலாம்" என்றான் கிருபா.
எடுத்தால், சாவி?
ஞாயிறு நள்ளிரவு சான்றிதழ் காலாவதி.
"அது தானா புதுப்பிச்சுக்கும்" என்றேன் நான்,
ஒருங்கிணைப்பாளர்,
தெரியாததை உரக்கச் சொல்பவன்.

சனிக்கிழமை மலையேறினோம்.
பதினேழாம் வளைவில் பூவிழி வாந்தி எடுத்தாள்.

நாகலூர்ப் பக்கம் ஒரு மாணவர் விடுதி.
இரவெல்லாம் பிள்ளைகளைத் தலை எண்ணும் வேலை.
லூர்துராஜ் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் ஒன்றைக் காட்டினார்:
"இதுக்கடியிலதான் ரெண்டு கோடு வரும்.
மூணு மாசத்துக்கு ஒருதரம்
மடிக்கணினியத் தூக்கிட்டு வந்து
நின்னுக்கிட்டே புதுப்பிச்சுடுவேன்.
நாளைக்குப் பூசை முடிஞ்சு வரலாம்னு இருந்தேன்."
பதில் போட்டிருக்கலாமே, என்றாள் சம்சாத்.
"தளம் ஓடுதில்ல? அப்புறம் என்ன பதில்?"

'தானா' என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது
இந்த மனிதரை.
நான்கு வருடமாக. மழையிலும்.

இறங்கும்போது மூடுபனி,
முன்னால் போன பேருந்தின் சிவப்பு விளக்கு மட்டும்.
சம்சாத் அட்டவணையைத் திறந்து
ஒவ்வொரு வரிக்கும் இரண்டாவது பெயர் கேட்டாள்.
கிருபா சன்னல் கண்ணாடியைத் துடைத்தான்.
யாரும் பேசாத இரண்டு வளைவுகள்.
மூன்றாவதில்
லூர்துராஜுக்குப் பக்கத்துக் கட்டத்தில்
என் பெயரைப் போடச் சொன்னேன்.

"சிக்னல் வரட்டும்" என்றாள், "ஏத்துறேன்."