இரண்டு ரயில்களுக்கு நடுவே

சிகாகோ, வாபாஷ் தெரு, மூன்றாம் மாடி.
சன்னலை உரசிக்கொண்டு ரயில் போகும்.
போனால் வெட்டூசி நடுங்கும்.
இர்மா குப்காவுக்கு
கால அட்டவணை மனப்பாடம்.
ஆறு நிமிடம் கிடைக்கும், ஒரு பாட்டுக்குப் போதும்.
நீளத் தட்டு என்றால் நள்ளிரவு தாண்டி.

"எஞ்சினியர் எப்போ வருவார்?"
கோட்டைக் கழற்றியபடி கேட்டவருக்கு
நாற்காலியைக் காட்டினாள்,
நுண்ணோக்கியிலிருந்து கண் எடுக்காமல்.

இன்னும் சத்தம், இன்னும் சத்தம் என்பார்கள்.
பள்ளம் பள்ளத்தை முட்டினால்
ஊசி தாவிவிடும் என்பாள்.
டிரம்மை மயிரிழை இறக்குவாள்,
குரல் தானாக முன்னால் வந்து நிற்கும்.
எவருக்கும் தெரியாது.
தெரிந்தால் வேலை கெட்டது.

தட்டிலிருந்து சுருண்டெழும் கறுப்பு இழை
ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும்.
சிகரெட்டை அணைக்கச் சொல்லி
இழந்த வாடிக்கையாளர் மூவர்.

அட்டையில் அவள் பெயர் இல்லை.
பாட்டு தீர்ந்து ஊசி வெறுமனே சுற்றும் இடத்தில்
இரண்டெழுத்து,
குண்டூசியால் கீறியது.

அறுபத்தொன்பது பிப்ரவரியில்
பனியில் சிக்கித் தாமதித்த வண்டி
பாட்டின் நடுவே வந்துவிட்டது.
தட்டை எறிந்திருக்க வேண்டும்.
இன்னொரு முறை கேட்டாள்.
எறியவில்லை.

டிரம்மர் காலால் ஏதோ புதிதாய்ச் செய்கிறான் என்று
பத்திரிகையில் எழுதினார்கள்.
டிரம்மரும்
ஆமாம் என்றான்.