அட்டாரா

நான்காம் நடைமேடை. தன்பாத் ரயில்
இரண்டு மணி நேரம் தாமதம்.
இறங்கியவனிடம் பை இல்லை,
போட்டிருந்த இரண்டு செருப்பும் இடது காலுக்கானவை.
பெயர் சுக்லால். வயது கேட்டேன்.
"அட்டாரா" என்றான்,
என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நின்றுகொண்டு.

எனக்குத் தெரிந்த இந்தி
ஒலிபெருக்கியில் கற்றது.
தாமதத்துக்கு வருந்துகிறோம்,
அதைத்தான் முதலில் சொன்னேன். சிரித்தான்.
அவன் வீட்டிலும் பேசுவது இந்தி இல்லையாம்.

சிவதாபுரம் கொலுசுப் பட்டறையில் மாமா இருக்கிறார்.
மாமாவின் எண் உபயோகத்தில் இல்லை.
படிவத்தில் 'துணை' என்றொரு கட்டம்.
இல்லை என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்து, என்ன எழுதினாய் என்றான்.
என் பெயர் என்றேன்.
அருள்மொழி. சொல்லிப் பார்த்தான்:
அருல்மோலி.

பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதே
என்பது பயிற்சியில் முதல் பாடம்.
செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.
அதுவும் வாக்குத்தான் என்று
புதன்கிழமை போனபோது தெரிந்தது.
காப்பகத்து இரும்புக் கேட்டில்
அவன் நெற்றி வைத்திருந்த இடம் துருப்பிடித்த கோடாய்
நெற்றியில் இருந்தது.
சமாதானத்துக்குத் தட்டுவடை செட்.
பீட்ரூட்டை மட்டும் பொறுக்கி எடுத்து
என் தட்டில் வைத்தான்.

அப்புறம்
பெரியாஸ்பத்திரியில் மணிக்கட்டைப் படமெடுத்தார்கள்.
பன்னிரண்டு, மிஞ்சிப் போனால் பதின்மூன்று.
எலும்பு சொல்லிவிட்டது என்று
எலும்பின்மேல் பழி போடலாம்.
கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் நான்.
மாதம் இரண்டாயிரம் அனுப்புகிறேன் என்று
அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தானாம்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஊருக்கு ஏற்றிவிட்ட அன்று
ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினான்கு மாதம்.
அதே ரயில், இன்றைக்கு அதிசயமாய் நேரத்துக்கு.
ஒரு பொடியன் இறங்கி
நேரே என் மேசைக்கு வந்தான்.
யாரோடு வந்தாய்?
"அருல்மோலி" என்றான்.
வயது? ஒன்பது.
இவளிடம் பொய் சொல்லாதே என்று
யாரோ சொல்லி அனுப்பியதைப் போல
உடனே சொன்னான்.

நிமிர்ந்தபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது.
பொதுப் பெட்டி வாசலில் கம்பியைப் பிடித்தபடி சுக்லால்,
மீசை மாதிரி ஒரு நிழல்.
மணிக்கட்டைத் திருப்பி எனக்குக் காட்டினான்.
"அட்டாரா!"
சிரித்தானா தெரியவில்லை.

ஈரோடு போக ஒரு மணி நேரம்.
அங்கே உதவி மேசையில் இன்று மார்கரெட் பணி.
ஒரு அழைப்பு போதும்,
இறக்கிவிடுவாள்.

போன் கையில்தான் இருக்கிறது.
பொடியனுக்குக் காரம் தாங்கவில்லை,
தண்ணீர் கேட்கிறான்.
பீட்ரூட்டையெல்லாம் தின்றுவிட்டான்.
மணி பத்து இருபது,
பத்து இருபத்தைந்து.