புழு இல்லை

கானாடுகாத்தானில் நானூறு வீட்டுக் கதவோரம்
என் கையெழுத்து இருக்கிறது.
தேதி, தொட்டி எத்தனை, "புழு இல்லை".
கொசு ஒழிப்பு, நாள்கூலி.

சித.மெ. வீடு மட்டும் பூட்டு.
சாவி பினாங்கில் என்றார்கள்.
ஏணி வைத்து ஏறினேன்.
வயிற்றில் இருப்பதை அடைக்கலத்தைத் தவிர
யாருக்கும் சொல்லாத நேரம்.
உள்ளே வளவில் மழை நிரம்பிய அண்டா,
எட்டாத தூரத்தில்.
மருந்துப் புட்டி இடுப்பிலேயே இருந்தது.

புதன்கிழமை கண்ணுக்குப் பின்னால் வலித்தது.
காரைக்குடி ஆஸ்பத்திரியில் பிளேட்லெட்டைத்
தினமும் குறித்துக்கொண்டேன், பழக்கம்:
ஒரு லட்சத்துப் பத்து.
எழுபத்தெட்டு.
நாற்பத்தொன்று.

அடைக்கலம் பப்பாளி இலைச்சாறு கொண்டுவந்தான்,
ஏறுமாம்.
அவன் அம்மா டம்ளரைப் பிடித்தாள்,
கலைக்குமாம்.
இரண்டு கைக்கும் நடுவே அது தளும்ப
நான் போர்வைக்குள் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

பதினோரு வாரம்.
"காய்ச்சலால இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது.
நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல" என்றாள் டாக்டர்,
என்னைவிடச் சின்னவள்.
அத்தை இன்னும் அந்த டம்ளரைத்தான் பேசுகிறாள்.
நான் அதைக் குடிக்கவே இல்லை.

கார்த்திகையில் வேலைக்குத் திரும்பினேன்.
சாவி வந்திருந்தது, அண்டா கவிழ்ந்து கிடந்தது.
கதவோரம் தேதி போட்டேன்.
தொட்டி ஒன்று என்று எழுதினேன்.
"இல்லை" என்று எழுதினேன்.

"என்ன இல்லைன்னு எழுதும்மா"
என்றார் மேற்பார்வையாளர்.