இடப்பக்கம் திரும்பாத வெள்ளி

பதினோரு வருடமாய் இடப்பக்கம் திரும்பிய கை
இன்று வலப்பக்கம் ஒடிக்கிறது.
வண்டி என்னுடையதல்ல,
குல்ஜமானின் மச்சான் இரவல் தந்த கொரோலா.
என் வண்டி மஞ்சள் டேங்கர், மூவாயிரம் கேலன்.
பின்னால் வருகிறவன் கண்ணாடியை ஏற்றிக்கொள்வான்.

அன்சாப் ஏரிக்கு முன்பதிவு வேண்டுமாம்.
பெயர் கேட்டாள் துரையா, வாசல் கூண்டில்.
அமலதாசன் என்றேன்.
வேலை என்னவென்று கேட்கவில்லை.
இரண்டு முறை குளித்து
அத்தரும் பூசி வந்திருந்தேன்.

பலகை மறைப்பில் முழங்கை ஊன்ற ஒரு சாளரம்.
முதலில் ஒன்றுமில்லை, வெயில்தான்.
பிறகு தண்ணீர் அசைந்து பறவையானது:
நெடுங்கால் உள்ளான்கள்,
இப்போதுதான் துடைத்த தரையில்
செருப்பைக் கையில் பிடித்து நடப்பவர்களாட்டம்
சிவந்த காலைத் தூக்கித் தூக்கி வைத்தன.
நாணலடியில் ஒரு நீலத் தாழைக்கோழி
யாரிடமோ கடன் பாக்கி போலக் கத்தியது.

பூநாரைகள் பதினேழு.
குல்ஜமான் பத்தொன்பது என்றான்.
அந்த இரண்டுக்காகக் கொஞ்ச நேரம் சண்டை.

பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள்.
இந்த நீர் எங்கிருந்து வருகிறது? துரையா கேட்டாள்.
மழை என்றான் ஒருவன். மழையா, இங்கேயா!
கடல் என்றாள் ஒருத்தி.
உங்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து,
சுத்தம் செய்து, என்றாள்.
சிரிப்பும் சீச்சீயுமாய்
இருபது கை இருபது மூக்கில்.
குல்ஜமான் என்னைப் பார்த்தான்.
நான் பைனாகுலரை விட்டு எடுக்கவில்லை.

மபேலாவின் வில்லாக்கள்,
அல் ஹைலில் மாடிப்படி இல்லாத அந்தக் கல்யாண மண்டபம்,
பெருநாள் மறுதினம் குழாயை அடைத்த ஆட்டுக்கொழுப்பு...
எந்தத் தெருவின் எந்த ராத்திரியில்
அலகைத் தலைகீழாக்கி இவை அரித்துத் தின்கின்றன?

குவியத்தைத் திருகினேன்.
நாணலுக்கு மேலே, மதிலுக்கு அப்பால்,
மஞ்சள் மஞ்சளாய் வரிசை.
நாலாவது வண்டி ஏணியில் அருளப்பன்,
மூடியைத் துடைத்துக்கொண்டு.
அவன் தலைக்கு நேர்மேலே ஒரு சாம்பல் நாரை,
சிறகடிக்காமல், அவசரமில்லாமல்.
அவன் நிமிரவில்லை.
நானும் நிமிர்ந்ததில்லை அந்த ஏணியில்.

போன் போட்டேன்.
மேலே பாரு.
எதுக்கு?
சும்மா பாருடா.

போனைக் காதில் இடுக்கி அண்ணாந்தான்.
அதற்குள் நாரை இந்தப் பக்கம் வந்து
இறங்கியும் விட்டது.
ஒண்ணுமில்லையே, என்றான்.

இரு, என்றேன்.
வரிசை ஒரு வண்டி நகர்ந்தது. ஹாரன் அடித்தார்கள்.
அவன் இன்னும் அண்ணாந்தே நின்றான்.